பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் ஆள் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது

என் மாமாவுக்கு, அதாவது மனைவியின் அப்பாவுக்கு, கொழும்பில் பைபாஸ் செய்தார்கள். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. மறுநாள் கண் முழித்து, "வேளாண்மைக்குத் தண்ணி விட்டாங்களா மனே" என்று கேட்டார், எங்களுக்கும் உயிர் வந்தது. மூன்றாம் நாள் இரவு அதே மனிதர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, தோணி ஒழுகுது, தண்ணியை இறையுங்கடா என்று கத்தி, மூக்கில் இருந்த ஒட்சிசன் குழாயைப் பிடுங்கிவிட்டு, தடுக்கப் போன என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தார். ஊருக்குப் போன் எடுத்தால் ஒருவர் நாவூறு என்றார், இன்னொருவர் மயக்க மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றார், மாமி அழுதபடியே நூல் கட்டி அனுப்பினார். ஆறாம் நாள் மாமா பழையபடி மாமாவாகிவிட்டார். ஆனால் அந்த மூன்று நாளும் நாங்கள் பட்ட பயத்தில் பாதி, என்ன நடக்கிறது என்று தெரியாததால் வந்தது. நான் டொக்டர் இல்லை. பக்கத்தில் இருந்தவன், பிறகு விடாமல் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ ஆளைக் கொண்டுபோகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாமாவுக்கு வந்த இந்தத் திடீர் மனக்குழப்பத்தைத்தான் தடுமாற்றம் என்கிறேன், டொக்டர்மார் டெலிரியம் (delirium) என்பார்கள். முதலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம், அது புரிந்தால்தான் செய்ய வேண்டியதும் புரியும்.

மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வருமாம், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பும் தூரம். உடம்பின் மற்ற இடங்களில் இந்தக் குழாய்ச் சுவரில் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், இரத்தத்தில் உள்ளவை கசிந்து வெளியே போகலாம். மூளையில் அப்படி இல்லை. சுவரின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுக்கித் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும், வெளிப்பக்கத்தில் வேறு உயிரணுக்கள் அதை அணைத்துப் பிடித்திருக்கும். ஒட்சிசன் தானாகப் போகும், சீனிக்குத் தனி வாசல் உண்டு, மற்றதில் பெரும்பாலானவை வெளியிலேயே நிற்க வேண்டும். இதைத்தான் குருதி–மூளைத் தடுப்பு என்கிறார்கள். 1885இல் போல் ஏர்லிக் என்ற ஜேர்மன் விஞ்ஞானி விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளையில் மட்டும் பிடிக்கவில்லை. அப்படித்தான் இந்தக் காவல் முதன்முதலில் கண்ணில் பட்டது.

நமக்கு ஆற்றுவாய் தெரியும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திடல் கிடக்கும்வரை உள்ளே ஒரு தண்ணீர், வெளியே ஒரு தண்ணீர். வெள்ளத்துக்கு அதை வெட்டிவிட்டால் கொஞ்ச நாளைக்கு இரண்டும் கலந்துபோகும், பிறகு அலையே மணலைக் கொண்டுவந்து மூடும். பெரிய இதய ஒப்பரேசனின்போது மூளையின் அந்தத் திடல் சிலருக்கு அங்கங்கே கரைகிறது. நிரந்தரமாக உடைவதில்லை, பெரும்பாலும் சில நாளில் திரும்ப இறுகிவிடும்.

ஏன் கரைகிறது? ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. இதயத்தை நிறுத்திவிட்டு, இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷினிடம் கொடுக்கிறார்கள் (1953இல் அமெரிக்காவில் ஜோன் கிப்பன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்தான் இதை முதன்முதலில் வெற்றியாகச் செய்து காட்டினார், அந்த மெஷின் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இல்லை). மெஷினின் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் இரத்தம் ஓடும்போது, அந்நியப் பொருளைத் தொட்ட கோபத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் கிளம்பிவிடும். அவை விடும் அழற்சிப் பொருள்கள் உடம்பு முழுக்கச் சுற்றி, மூளைக் குழாய்ச் சுவரின் தையலையும் தளர்த்தும், அதை அரிக்கும் நொதிகளும் கூடும். அதோடு பெருநாடியில் இடுக்கி போட்டு எடுக்கும்போது சுவரில் படிந்த சுண்ணாம்புத் துகள், சின்னக் காற்றுக் குமிழி, கொழுப்புத் துளி எல்லாம் மேலே மூளைக்குப் போகலாம். பிரஷர் ஏறி இறங்கும். மெஷினை நிரப்பப் பாவிக்கும் திரவத்தால் இரத்தம் ஐதாகும். உடம்பைக் குளிரவைத்திருந்தால் திரும்பச் சூடாக்கும்போது வேகம் கூடினால் மூளை தேவைக்கு மேல் சூடாகும், அதனால்தான் அந்த நேரத்தில் 37 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படி எல்லாம் சேர்ந்து காவல் தளரும்போது, உள்ளே போகக் கூடாத புரதங்களும் அழற்சிப் பொருள்களும் சில மருந்துகளும் மூளைக்குள் கசிந்து, அங்கேயும் அழற்சியைக் கிளப்பிவிடும். ஸ்கேன் சாயம் மூளைப் பக்கம் கசிந்திருப்பதை ஒப்பரேசனுக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கசிவு கண்ட எல்லாருக்கும் தடுமாற்றம் வருவதில்லை. நித்திரையின்மை, வலி, மருந்து, வயது என்று மற்றவையும் சேர்ந்துதான் ஆளைத் தள்ளுகின்றன, நம் கைக்குள் இருப்பதும் அந்த மற்றவைதான்.

மெஷின் இல்லாமல் இதயம் துடிக்கத் துடிக்கச் செய்யும் பைபாஸ் உண்டே, அது நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் தடுமாற்றம் வரத்தான் செய்கிறது, ஞாபக சக்தியில் பெரிய வித்தியாசமும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. எது பொருத்தம் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் விடுங்கள், அதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

போவதற்கு முன்

உண்மையைச் சொல்லுங்கள். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், நம்ம பக்கம் இதில்தான் மறைக்கிறோம். அப்பா பின்னேரம் சாராயமோ கசிப்போ எடுப்பவர் என்றால், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருக்கா, கடைசியாக எப்போது என்று அப்படியே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் முன்னால் கேட்டால் இல்லை என்பார், அதனால் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். பார்ப்பதற்கு இந்த ஒப்பரேசன் தடுமாற்றம் மாதிரியே இருக்கும், ஆனால் வைத்தியம் நேரெதிர்: மது நிறுத்தியதால் வந்ததற்குக் கொடுக்கும் டயசிபாம் வகை மருந்து, சாதாரணத் தடுமாற்றத்தை இன்னும் மோசமாக்கக் கூடியது. மானத்துக்கு மறைத்தால் டொக்டர் தவறான பாதையில் போவார். புகையிலை போட்டு வெற்றிலை சப்புகிறவர், சுருட்டுக் குடிக்கிறவர் என்றாலும் சொல்லுங்கள். நித்திரைக் குளிசை, நாட்டு மருந்து, தடிமனுக்கும் சொறிச்சலுக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் இதெல்லாமும் பட்டியலில் வர வேண்டும், கடைசியில் சொன்னது முதியவர் மூளையைக் குழப்புவதில் பேர்போனது.

ஆபத்துக் கூடியவர்கள் யார் என்றால், 65 வயதைத் தாண்டியவர்கள், சீனி வருத்தமும் பிரஷரும் கனகாலமாக உள்ளவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், காது கண் மங்கியவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்கெனவே மறதி தொடங்கியவர்கள். சாவியை வைத்த இடம் மறக்கிறார், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: மூக்குக் கண்ணாடி, காதுக் கருவியும் அதன் பற்றரியும், பொய்ப்பல், பெரிய எழுத்தில் ஒரு கலண்டர், ஒரு மணிக்கூடு, வீட்டார் படம் ஒன்று. கண்ணாடியில்லாமல் ஐசியுவில் கிடக்கும் ஒருவருக்குச் சுவரில் தொங்கும் சேலைன் போத்தல் ஆளாகத் தெரிவதில் அதிசயமில்லை.

வாட்டில்

தடுமாற்றம் பெரும்பாலும் ஒப்பரேசன் முடிந்து முதல் நாலு நாளுக்குள் தலைகாட்டும். கத்துவது, குழாயைப் பிடுங்குவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்பது, இவை எல்லாருக்கும் தெரியும். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் கவனிக்கப்படாமல் போவது. ஆள் அமைதியாகக் கிடப்பார், சாப்பாட்டை வாயில் வைத்தபடி விழுங்க மறப்பார், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புவார், பாதிக் கதையில் கண் மூடுவார். பாவம் களைப்பு, தூங்கட்டும் என்று நாமும் விட்டுவிடுவோம். அந்த அமைதியை நம்பாதீர்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க்காரருக்கு ஒரு தனிச் சிக்கல். தாதிமார் நல்லவர்கள், ஓய்வில்லாமல் நிற்கிறார்கள், ஆனால் பலருக்குச் சிங்களம்தான். மாமாவுக்குச் சிங்களம் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். அவரை "தாத்தே" என்று அன்பாகக் கூப்பிட்டார்கள், சிங்களத்தில் அப்பா என்று அர்த்தம், அவர் அது தன்னைத்தான் என்று நினைக்காமல் பேசாமல் கிடந்தார், பதில் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். கவனத்தைச் சோதிக்க எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறித்த ஒரு எழுத்து வரும்போதெல்லாம் கையை அழுத்தச் சொல்லும் முறை ஐசியுக்களில் உண்டு, ஆங்கில எழுத்துத் தெரியாத கிழவருக்கு அதை வைத்து என்ன தெரியும்? அதனால் நீங்களே தமிழில் பாருங்கள். தை மாசி பங்குனி தெரிந்தவர் என்றால் மார்கழியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிழமை நாட்களைத் தலைகீழாக. ஒப்பரேசனுக்கு முதல் நாள் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிடலாம். முன்பு சொன்னவர் இப்போது ஐப்பசியில் நின்று முழிக்கிறார் என்றால் அது தகவல். தாதியிடம் போய், "எயா ஈயே வகே நெவெய்" என்று சொல்லுங்கள். அவர் நேற்று மாதிரி இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு வசனத்துக்கு எந்த டொக்டரும் காது கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு நேற்றைய ஆளைத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தலைமாட்டில் ஒரு தாளில் வலி என்றால் ரிதெனவா, தண்ணீர் என்றால் வதுர என்று எழுதி ஒட்டினோம், நோயாளி கேட்பது தாதிக்கும், தாதி கேட்பது நோயாளிக்கும் கொஞ்சமாவது பிடிபட்டது.

தடுமாற்றம் ஏறி இறங்கும். காலையில் டொக்டர் வரும்போது தெளிவாகப் பதில் சொல்வார், இரவு பத்து மணிக்குத் தோணி இறைப்பார். எனவே நேரத்தைக் குறித்துவைத்துக் காட்டுங்கள்.

அவரோடு பேசும்போது வாதாட வேண்டாம். "தோணி எங்கே இருக்கு, பைத்தியமா உங்களுக்கு" என்று நான் முதல் இரவு கேட்டேன், அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. அவர் கண்ணுக்குத் தோணி உண்மையாகத்தான் ஒழுகியது. மறுநாள் மனைவி வந்து கையைப் பிடித்து, "அப்பா, நான் உங்கட மகள், இது ஆஸ்பத்திரி, நெஞ்சில ஒப்பரேசன் முடிஞ்சிட்டு, இன்றைக்கு வியாழக்கிழமை, தண்ணி எல்லாம் இறைச்சாச்சு, பயமில்ல" என்றாள். அதையே பத்து நிமிசத்துக்கு ஒருமுறை, அதே சொற்களில், மெதுவாக. அடங்கினார். பெயர், இடம், நாள், என்ன நடந்தது, நான் இருக்கிறேன், இந்த ஐந்தும் போதும். ஆளுக்கு ஆள் மாறி மாறி வருவதைவிடத் தெரிந்த முகம் ஒன்றிரண்டு மட்டும் வருவது நல்லது.

பகலில் வெளிச்சம் படட்டும், டொக்டர் அனுமதித்தவுடன் கதிரையில் உட்காரவையுங்கள், நாலு அடி நடக்கட்டும். இரவில் போனை அணைத்து, பேச்சைக் குறைத்து, தூங்க விடுங்கள். வயிறு இளகியதா, சலம் போகிறதா, வலி அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், மூன்று நாள் மலச்சிக்கலே ஒரு முதியவரைக் குழப்பிவிடும். கை கால் கட்டுவதைத் தவிர்க்கச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள், அது பயத்தையும் ஆவேசத்தையும் கூட்டும். நான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் இடம் தருவார்கள்.

நூல் கட்டுவது, தண்ணீர் ஓதுவது, மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொள்வது, இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாமி கட்டி அனுப்பிய நூலைத் தடவியபடி மாமா தூங்கியதைப் பார்த்தவன் நான். காயத்தில் எதையும் பூச வேண்டாம், வாயால் எதையும் கொடுக்க வேண்டாம், டொக்டரிடம் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம், அவ்வளவுதான்.

எல்லாக் குழப்பமும் இதுவல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, நாக்குக் குழறுவது வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிசமும் காத்திராமல் தாதியையோ டொக்டரையோ கூப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

உதயதேவி ரயிலில் என்றாலும் வான் வண்டியில் என்றாலும் அது எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணம். இடையிடையே எழும்பி நிற்கட்டும், கால் மடக்கி நீட்டட்டும், நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்தபடி இருமட்டும்.

நம்ம பக்கம் அப்பா அம்மா மகள் வீட்டோடு இருப்பதுதான் பழக்கம், அதனால் வேலை மகள் தலையில் விழும், மற்றப் பிள்ளைகள் இரவுக் காவலையாவது பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பன்பாயில் படுக்க விட வேண்டாம். நிலத்திலிருந்து எழும்பக் கையை ஊன்றுவார், பிளந்து கட்டிய நெஞ்செலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். கட்டில் இரவல் வாங்கியாவது போடுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் தூக்கக் கூடாது. ஊரே பார்க்க வரும், அன்புதான், ஆனால் முதல் இரண்டு கிழமைக்கு வாசலிலேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்த்து உடம்பு வற்றும், அதுவும் குழப்பும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டொக்டரிடம் அளவு கேட்டு அதன்படி கொடுங்கள், சிலருக்குக் கட்டுப்பாடு இருக்கும்.

தடுமாற்றம் தெளிந்த பிறகும் ஒரு மங்கல் மிஞ்சலாம். பேப்பரில் ஒரு பத்தியை மூன்று தரம் படிப்பார், வேளாண்மைக் கணக்கில் பிழை விடுவார், சும்மா இருக்கும்போது கண் கலங்குவார். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்த 261 பேரைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குப் போகும்போது 53 வீதமானவர்களிடம் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது, ஆறு மாதத்தில் அது 24 வீதமாக இறங்கியது, ஐந்து வருடத்தில் 42 வீதமாக ஏறியது. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஒப்பரேசன் செய்யாத இதய நோயாளிகளிடமும் வருடங்கள் போகப்போக அதே மாதிரி இறக்கம் தெரிந்ததாகப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. நீண்ட காலக் குறைவுக்குப் பிரஷர், சீனி, புகை, பழுதான இரத்தக்குழாய் இவைதான் பெரிய காரணம் என்று அதிலிருந்து தெரிகிறது, கிளினிக்கைத் தவறவிடக் கூடாது என்பதும் அதனால்தான்.

அவசரப்படுத்தாமல் பழக்குங்கள். மாமாவுக்கு முதல் கிழமை ஒரு நாளைக்கு ஒரு கணக்குத்தான்: கடைக்காரன் தந்த மிச்சக் காசை எண்ணுவது. பிறகு வயல் செலவுக் கொப்பி. பின்னேரம் முற்றத்தில் நடை. மூன்று மாதத்தில் தாயம் விளையாடி என்னைத் தோற்கடித்தார். கண்ணீரும் ஒதுங்கியிருப்பதும் இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், மனச்சோர்வு இதய ஒப்பரேசனுக்குப் பிறகு பலருக்கு வருவது, மருந்து உண்டு. டொக்டர் ஓடலாம் என்று சொல்லும்வரை மோட்டார் சைக்கிளைத் தொட விடாதீர்கள்.

ஒரு கிழமை நன்றாக இருந்தவர் திடீரென்று திரும்பக் குழம்பினால் அது பழையதின் மிச்சம் என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். காயத்தில் கிருமி, சலத்தில் கிருமி, சலம் போகக் கொடுத்த குளிசையால் உப்புக் குறைவு, சீனி இறங்கியது, எதுவாகவும் இருக்கலாம். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குடிப்பவர் வழுக்கி விழுந்து தலை அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உள்ளே கசியலாம். முகம் கோணல், கை சோர்வு, பேச்சுக் குழறல் என்றால் 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். ஒப்பரேசன் நடந்த திகதியையும் குடிக்கும் மருந்துகளையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், பக்கவாதத்துக்கான இரத்தக் கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்ற முடிவு அதில்தான் இருக்கிறது, அந்த மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் கெடு.

இன்னுமொன்று. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் இந்தத் தடுமாற்றம் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த ஒப்பரேசனிலும் வரச் சாத்தியம் கூட. போன வருடம் மாமாவுக்குக் குடலிறக்க ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தபோது, மனைவி அந்தக் கார்டை மயக்க மருந்து டொக்டரிடம் நீட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் வாசித்துவிட்டு மருந்தை மாற்றி எழுதினார், இரவு ஒரு ஆள் கட்டிலோடு இருக்க அனுமதித்தார், மாமாவின் கண்ணாடியைக் கடைசி நிமிசம்வரை கழற்ற வேண்டாம் என்று தாதியிடம் சொன்னார்.